அம்பாரி ஊரில் ஒரு பிக்கப்

மைசூருவின் தன்வந்திரி சாலையில் ஓர் எடைமேடை இருக்கிறது. வழக்கமாக லாரிகள் ஏறி இறங்கும் இரும்புத் தளம். தசராவுக்கு முன்னதாக, யானைகள் அரண்மனைக்கு வந்து சேரும் நாட்களில் மட்டும் அங்கே வேறு வகை வாகனங்கள் வரிசை கட்டுகின்றன. காட்டு முகாம்களிலிருந்து வந்த யானைகள் பாகனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒவ்வொன்றாக ஏறி அசையாமல் நிற்கின்றன. எண் தெரிகிறது, குறித்துக்கொள்கிறார்கள், அடுத்த யானை. 2020 முதல் அம்பாரி சுமந்துவரும் அபிமன்யுவின் எடை சமீப ஆண்டுகளில் 5 டன்னைத் தாண்டியிருக்கிறது. அது முதுகில் ஏற்றும் தங்க அம்பாரி 750 கிலோ. அதாவது, தன் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அந்த ஏழில் ஒரு பங்குக்காக வாரக்கணக்கில் பயிற்சி நடக்கிறது.

எங்கள் பிக்கப் வண்டி தன் எடையில் பாதிக்கு மேல் சுமக்க வேண்டியிருந்தது. அதற்கு நாங்கள் ஒதுக்கியிருந்த நேரம் ஒரு பிற்பகல்.

விஷயம் இதுதான். மைசூருவில் வசிக்கும் நண்பரின் தந்தை, அசோகபுரம் ரயில்வே பணிமனையில் பெட்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். வயது 78. மனைவியோடு ஒரு காலத்தில் போய் வந்த ஊட்டியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மணிக்கொரு முறை கழிப்பறை வேண்டும். விடுதி மாடிப்படிகள் என்றால் பயம். நண்பர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிக்கப் வண்டியின் பின்தளத்தில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை கொண்ட ஒரு பெட்டி வீட்டை அப்படியே செருகிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். திரும்பி வந்ததும் பெட்டியைக் கால்களில் நிறுத்தி இறக்கிவைத்தால் வண்டி மறுபடி சுமை வண்டி. அதற்குக் கேம்பர் என்று பெயர். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் இப்படியொரு வண்டியில் தன் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்து 1962இல் புத்தகம் போட்டார். வண்டிக்கு டான் குவிக்சாட்டின் குதிரை பெயரை வைத்தார். அந்த வண்டி இன்று கலிபோர்னியாவின் சலினாஸ் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நண்பரிடம் ஒற்றைக் கேபின் பிக்கப் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் பாடி கட்டும் ஊர் ஒன்றில் சொல்லி, இரும்புச் சட்டத்தில் பிளைவுட்டும் அலுமினியத் தகடும் அடித்த பெட்டியைச் செய்து வாங்கினார். 550 கிலோதான் வரும் என்றார்கள். ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் அமர்ந்தது. முன்பக்கம் வானம் பார்த்தது. திருப்பத்தில் பெட்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்பியது. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுப்பது போல இருந்தது.

‘கூட ரெண்டு பட்டை போட்டால் சரியாகிவிடும்’ என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

கேம்பருக்குக் கேம்பர்

கமான் பட்டைக் கடை என்பது பாதி மெக்கானிக் கடை, பாதி கொல்லுப்பட்டறை. வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளை நீளத்தில் இறங்குவரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டும் இருபுறம் யூ போல்ட்டும் போட்டு அச்சோடு கட்டுவதுதான் கமான் கட்டு. ஜட்காவிலிருந்து லாரி வரை சுமை வண்டியின் முதுகெலும்பு அதுதான்.

மேஸ்திரியிடம், “வண்டியிலே கேம்பர் வெச்சிருக்கோம். அதுக்கேத்த மாதிரி பட்டை ரெடி பண்ணணும்” என்றேன்.

“பட்டையிலே கேம்பர் இல்லையே சார், படுத்துப் போச்சே” என்றார் அவர், கன்னடம் தோய்ந்த தமிழில்.

இரண்டு நிமிடம் இருவரும் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். பட்டறை மொழியில் பட்டையின் வளைவுக்கும் கேம்பர் என்றுதான் பெயர். நான் வீட்டைச் சொன்னேன். அவர் வில்லைச் சொன்னார். கடைசியில் வெளியே வந்து பெட்டியைப் பார்த்தார். சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நாங்கள் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார்: “எடை சீட்டு எங்கே?”

சீட்டு இல்லை. 550 கிலோ என்று சொன்னார்கள் என்ற வாய்மொழி மட்டுமே இருந்தது. எடை போடாத வண்டிக்கு ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நஞ்சன்கூடு சாலையில் ஓர் எடைமேடைக்குப் போனோம். பெட்டியை இறக்கிவிட்டு வெறும் வண்டி: 1,740 கிலோ. பெட்டியோடு: 2,460. ஆக, பெட்டி மட்டும் 720 கிலோ. சொன்னதைவிட 170 அதிகம். பிறகு பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றினோம். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. பேட்டரி இரண்டு, 60. நிறைந்த கேஸ் சிலிண்டர் 30. மெத்தை, பாத்திரம், சின்ன ஃபிரிட்ஜ், மரத் தட்டுகள் எல்லாம் சேர்த்து 85. நண்பர், அவர் தந்தை, நான் என மூன்று பேர் 200. மேடை 2,930 காட்டியது.

வண்டியின் பதிவுச் சான்றிதழில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,735 கிலோ. கிட்டத்தட்ட 200 கிலோ கூடுதல்.

மேஸ்திரி சொல்லியனுப்பியபடி முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் எடை எடுத்தோம். அந்தக் கணக்குதான் முகத்தில் அறைந்தது. வெறும் வண்டியில் முன்னச்சின் மீது 1,000 கிலோ இருந்தது. இத்தனை சுமை ஏற்றிய பிறகு அங்கே 1,010. ஏறிய சுமை அவ்வளவும் பின்னச்சின் தலையில். கேபினில் இரண்டு பேர் உட்கார்ந்தும் முன்சக்கரத்துக்கு வெறும் 10 கிலோதான் சேர்ந்தது என்றால், பெட்டி பின்னால் தொங்கி முன்பக்கத்தைத் தூக்குகிறது என்று பொருள். ஸ்டீயரிங் லேசாக இருப்பதை நாங்கள் வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜட்காவில் போனவர்களுக்கு இது தெரியும். பின்னால் ஆள் கூடினால் ஏர்க்கால் மேலே எழும். குதிரையின் வயிற்றுவார் இறுகும். ‘முன்னாடி தள்ளி உட்காருங்க’ என்று வண்டிக்காரர் அதட்டுவார். மைசூருவில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடும் டாங்காக்களில் இன்றும் அந்தக் குரல் கேட்கிறது. பெட்டி வீட்டின் எடை மையம் பின்னச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும் என்று இதைத்தான் மேல்நாட்டார் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

பட்டை நிமிரும், அனுமதி நிமிராது

சீட்டைப் பார்த்த மேஸ்திரி கூடுதல் பட்டை போட மறுத்தார். “பட்டை போட்டா வண்டி நிமிரும் சார். அனுமதி நிமிராது.”

அவர் விளக்கிய காரணங்கள், பட்டையைத் தடிப்பாக்கினால் எல்லாம் சரி என்று நம்பும் எல்லோருக்கும் பயன்படும். வண்டியின் சுமைத் திறனைக் கமான் மட்டும் தீர்மானிப்பதில்லை. அச்சு, பேரிங், சக்கரம், டயர், சேசிஸ், எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக், எல்லாம் சேர்ந்துதான் அந்த 2,735. ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் அடுத்த பலவீனமான இடம் உடையும். மேல்நாட்டில் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே காற்றுப் பை பொருத்திப் பின்பக்கத்தை நிமிர்த்துகிறார்கள். அதற்கும் இதே விதிதான். பை உயரத்தைத் திருத்தும், எடையைக் குறைக்காது.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. பல பிக்கப்களில் பின்னச்சோடு ஒரு சிறு நெம்புகோலால் இணைக்கப்பட்ட வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று பார்த்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கூடுதல் பட்டை போட்டுப் பின்பக்கத்தை நிமிர்த்தினால் வால்வு ஏமாந்துபோகும். வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு, முழுச் சுமையோடு மலை இறங்கும்போது பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். ஊட்டிக்குப் போகிறவர்கள் திரும்பியும் வர வேண்டும் அல்லவா?

சட்டமும் இதே பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. பெட்டியை நிரந்தரமாகப் பொருத்தினால் அது மோட்டார் கேரவன். அதற்கு ஏஐஎஸ் 124 என்ற தனித் தரநிலை உண்டு. ஏற்றி இறக்கும் பெட்டி என்றாலும், புறப்படுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெளிவது நல்லது. ஒரு விஷயத்தில் மட்டும் கேட்க எதுவும் இல்லை. சுமைத் தளத்தில் மனிதர்கள் பயணம் செய்யக் கூடாது. பெரியவரைப் பெட்டிக்குள் படுக்கவைத்து அழைத்துப் போவது என்ற எங்கள் திட்டம் அங்கேயே முடிந்தது.

மாலையில் பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் சீட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு தரம் படித்தார். “நாற்பது வருஷம் ஸ்பிரிங் பார்த்தவன் வீட்டிலேயே இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலியாடா?” என்று மகனைக் கேட்டார். அதற்குப் பதில் இல்லை.

மறுநாள் எங்களை மைசூரு ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். 1979இல் தொடங்கப்பட்ட இடம். அங்கே நிற்கும் மகாராணியின் சலூன், 1899ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சமையலறை, சாப்பாட்டு அறை, கழிப்பறை எல்லாம் கொண்ட ஓடும் வீடு. பார்வையாளர்கள் உள்ளலங்காரத்தைப் பார்க்கிறார்கள். பெரியவர் கைத்தடியை ஊன்றிக் குனிந்து அடிப்பக்கத்தைக் காட்டினார். “வீட்டைக் கட்டிட்டு ஸ்பிரிங் தேடக் கூடாது தம்பி. என்ன கனம்னு முதல்லே முடிவு பண்ணிட்டுத்தான் ரயில்வேயிலே பெட்டி கட்டுவோம்.”

மணல் மூட்டையும் மர அம்பாரியும்

அன்று தொடங்கியது கழித்தல். 100 லிட்டர் தொட்டி போய் 30 லிட்டர் கேன் வந்தது. தண்ணீர் வழியில் கிடைக்கும். 70 கிலோ மிச்சம். பேட்டரியில் ஒன்று போயிற்று: 30. ஃபிரிட்ஜும் மரத் தட்டுகளும் போயின: 35. கூட்டிப் பார்த்தால் இன்னும் 60 கிலோ இடித்தது. பெரியவரின் எடை அதே 60. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

“கேபினிலே டிரைவரோடு சேர்த்து ரெண்டு பேர்தானே உட்காரலாம்?” என்றேன். என் எடை 68. கடைசியாக இறக்கப்பட்ட சுமை நான்தான்.

அதன் பிறகே மேஸ்திரி கையில் ஸ்பானர் எடுத்தார். கட்டைப் பிரித்ததும் ஒரு பட்டையில் நடு போல்ட் துளைக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தது. இதன் மேல் இன்னும் இரண்டு பட்டை அடுக்கியிருப்போம். பழைய பட்டையைச் சூடாக்கி வளைவேற்றித் தருவது மலிவு. ஆனால் சூடும் ஆற்றலும் சரியான அளவில் இல்லையென்றால் எஃகு ஒன்று தளர்ந்துபோகும், இல்லாவிட்டால் கண்ணாடி போல உடையும். எனவே தயாரிப்பாளர் அளவிலேயே புதிய கட்டு, இரு பக்கமும் ஒரே நேரத்தில். யூ போல்ட்களும் புஷ்களும் புதிது. அடியில் இருக்கும் தடித்த உதவிப் பட்டை அப்படியே. சுமை ஏறி மேல் பட்டைகள் அழுந்திய பிறகுதான் அது வேலைக்கு வரும்.

ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார். சுமையைத் தாங்குவது பட்டை. ஆட்டத்தை அடக்குவது ஷாக். பலர் ஒன்றின் நோய்க்கு மற்றதற்கு மருந்து கொடுக்கிறார்கள். சரக்கு வண்டிக்குப் போகும்போது சுமை, வரும்போது காலி. வீடு சுமக்கும் வண்டிக்கு அந்த ஓய்வு கிடையாது. எனவே ஷாக் சீக்கிரம் களைக்கும்.

டயருக்கு வந்தோம். விக்ராந்த் டயர் பிறந்த ஊர் மைசூரு. அந்த ஆலை 1997இல் ஜே.கே. டயர் வசம் போனது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட சுமை எண்ணும் வண்டியின் தகட்டில் எழுதிய காற்றழுத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். முழுச் சுமைக்கு வேண்டியதைவிடப் பின்சக்கரங்களில் காற்று குறைவு. ஏற்றியதும் அசைவில் கணிசமான பங்கு காணாமல் போயிற்று. செலவு ஏதுமில்லை.

அடுத்து மணல் மூட்டைகள். அம்பாரி யானைக்கும் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. முதுகில் மெத்தை விரித்துக் கயிற்றால் இறுக்கி, மணல் மூட்டைகளை ஏற்றி, அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர் நடத்துகிறார்கள். பாரத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். எங்கள் தளத்திலும் மூட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் சக்கர வளைவின் உயரத்தை அளந்து சுவரில் குறித்தார் மேஸ்திரி. இரு பக்கமும் சமமாக இறங்குகிறதா, உதவிப் பட்டை எப்போது தொடுகிறது என்பதெல்லாம் தெரிந்தது. பிரேக் வால்வின் நெம்புகோல் சுமைக்கேற்ப அசைகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

மூட்டைகளோடு சாமுண்டி மலை ஏறி இறங்கினோம். அருமையாக இருந்தது. நண்பர் முகம் மலர்ந்தது. பெரியவர் மட்டும் தலையாட்டினார். “மூட்டை தரையோட கிடக்கு. பொட்டி உசரத்திலே நிக்குது. ரெண்டும் ஒண்ணா?”

யானைப் பாகர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. மணல் மூட்டையோடு அவர்கள் நிறுத்துவதில்லை. தங்க அம்பாரியைப் போலவே மரத்தால் ஓர் அம்பாரி வைத்திருக்கிறார்கள். அதை ஏற்றி மறுபடியும் நடை. எடை ஒன்றே என்றாலும், உயரத்தில் நிற்கும் எடை வேறு மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தை யானையின் கால்கள் பழக வேண்டும்.

நாங்களும் பெட்டியை ஏற்றினோம். இந்த முறை ஆறு அங்குலம் முன்னால் தள்ளி, கேபினை ஒட்டி. நான்கு மூலைகளிலும் சேசிஸோடு இழுத்துக் கட்டினோம். மறுபடி எடைமேடை. மொத்தம் 2,730. முன்னச்சு 1,080, பின்னச்சு 1,650. அனுமதிக்கு உள்ளே, ஐந்து கிலோ மிச்சத்தில். ஸ்டீயரிங்குக்குக் கனம் திரும்பியிருந்தது. மலைப் பாதையில் மெதுவாக ஏறி, ஏறிய கியரிலேயே இறங்கினோம். ஆட்டம் முழுக்கப் போய்விடவில்லை. உயரமான பெட்டி உள்ளவரை அது போகாது. வேகம்தான் மருந்து என்றார் மேஸ்திரி. முதல் 200 கிலோமீட்டருக்குப் பிறகு யூ போல்ட்களை மறுபடி இறுக்கச் சொன்னார். பட்டைகள் ஒன்றோடொன்று படிந்ததும் கட்டு தளரும்.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் நினைவில் நிற்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு முறை அம்பாரி சுமந்த அர்ஜுனா, 60 வயதை எட்டியதும் அந்தப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. அந்த வயதைக் கடந்த யானை மீது பாரம் ஏற்றக் கூடாது என்பது விதி. அதே அர்ஜுனா 2023 டிசம்பரில், ஹாசன் பக்கம் காட்டு யானை பிடிக்கும் பணியில், காட்டு யானையோடு மோதி இறந்தது. “எவ்வளவு தூக்கும்னு எல்லோரும் கேட்பாங்க. எப்போ இறக்கணும்னு யாரும் கேட்க மாட்டாங்க” என்றார் அவர். யானையைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பந்திப்பூர் மேடுகள்

புறப்பட்ட அன்று அவர்கள் அதிகாலையில் கிளம்பினார்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 2009 முதல் இந்தத் தடை. நீலகிரிக்கு 2024 மே முதல் தேவைப்படும் இ-பாஸை நண்பர் எடுத்திருந்தார். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழியாகப் போனால் ஊட்டி கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளும் செங்குத்தும் இந்த வண்டிக்கு வேண்டாம், கூடலூர் வழியே போங்கள் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் மைசூரு பேருந்து நிலையத்தில் ஊட்டி பஸ் பிடித்தேன். ஜன்னலோர இருக்கை. நஞ்சன்கூடும் குண்டுலுபேட்டையும் கடந்து காட்டுக்குள் நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. பந்திப்பூரில் விலங்குகளுக்காகச் சாலை நெடுக வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் பஸ் குதித்தது, மேலே வைத்திருந்த பைகள் குதித்தன, நாங்களும்.

புள்ளிமான் கூட்டம் ஒன்றைத் தாண்டியதும் முன்னால் அந்த வெள்ளைப் பெட்டி தெரிந்தது. வேகத்தடையை நெருங்கி, ஏறக்குறைய நின்று, ஏறியது. பெட்டி ஒரு முறை அழுந்தியது. ஒரு முறை எழுந்தது. அதோடு சரி. மறுபடி ஆடவில்லை.

எங்கள் டிரைவர் ஹாரன் அடித்து அதைக் கடந்தார். நான் ஜன்னலில் கையை ஆட்டினேன். பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்தபடி, சாலையில் வரப்போகும் அடுத்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.